மினியேச்சரில் வண்ணம் கெட்டுப்போனால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

மேசை விளையாட்டுகளுக்கான குட்டி உருவங்களைத்தான் மினியேச்சர் என்கிறோம். 28 மில்லிமீட்டர் அளவில் வார்க்கப்பட்ட ஓர்க் வீரனின் (கற்பனைக் கதைகளில் வரும் அரக்கன்) தலை பட்டாணி அளவுதான் இருக்கும். அதற்குள் கண், கோரைப்பல், நெற்றித் தழும்பு எல்லாம் செதுக்கியிருப்பார்கள். அவ்வளவு சிறிய இடத்தில் வண்ணம் கொஞ்சம் தடித்தாலும் முகம் மறைந்துவிடும். கொஞ்சம் நீர்த்தாலும் கறையாக வழிந்துவிடும். வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை கடைசிப் பத்து நிமிடத்தில் பாழாவதும் உண்டு. அந்த நேரத்தில் ‘நமக்குக் கை வராது’ என்று பெட்டியை மூடிப் பரணில் போட்டவர்கள் சிலரை நான் அறிவேன். இன்றும் எனக்கு அது வருத்தம்தான். அவர்களுக்குக் கை நன்றாகவே வந்தது, தண்ணீரைத்தான் கவனிக்கவில்லை. வண்ணத்தில் கலக்கும் தண்ணீர், தூரிகையின் வயிற்றில் தங்கும் தண்ணீர், காற்றில் இருக்கும் தண்ணீர் ஆகிய மூன்றில் ஒன்று அளவு தப்பும்போதுதான் பெரும்பாலான கோளாறுகள் வருகின்றன. மேசைப் போர் விளையாட்டுக்குப் படை சேர்ப்பவர்கள் ஒன்றிரண்டு அல்ல, நாற்பது ஐம்பது உருவங்களுக்கு வண்ணம் தீட்ட வேண்டியிருப்பதால், ஒரே தவறு ஐம்பது முறை நடந்துவிடுகிறது.

உங்கள் உருவத்தில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் ஒரே ஒரு சோதனை: கையில் இருப்பது என்ன பொருள்? கத்தி முனையால் அடிப்பக்கத்தில் லேசாகச் சுரண்டுங்கள். சுருள் சுருளாக வந்தால் பாலிஸ்டைரீன் என்ற கடின பிளாஸ்டிக். வார்ஹாமர் என்ற மேசைப் போர் விளையாட்டின் பெட்டிகளில், வெட்டி எடுக்கும்படி பிளாஸ்டிக் சட்டத்தோடு வருபவை பெரும்பாலும் இவை. தூளாக உதிர்ந்தால் ரெசின், அதாவது திரவமாக இருந்து இறுகிய வார்ப்புப் பொருள். அந்தத் தூளை மூச்சில் இழுக்காதீர்கள், ஈரம் தொட்டுத் தேயுங்கள். வளைத்து விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பினால் மென்மையான பிவிசி. பலகை விளையாட்டுக் காய்களும் ரீப்பர் நிறுவனத்தின் போன்ஸ் வரிசை உருவங்களும் இந்த வகை. கையில் கனத்துக் குளிர்ந்தால் உலோகம். ஒரு பொருளுக்கு மருந்தாவது இன்னொன்றைக் கரைத்துவிடும் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

பிரைமர் மணலாகச் சொரசொரக்கிறது

பிரைமர் என்பது வண்ணத்துக்கு முன் போடும் அடிப்பூச்சு. அதை நகத்தால் வருடினால் உப்புத்தாள்போல் இருக்கிறது. ஓரமாக வெளிச்சம் பட்டால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. ஸ்பிரே டப்பாவிலிருந்து கிளம்பிய துளிகள் உருவத்தைத் தொடுவதற்கு முன்பே காற்றில் உலர்ந்து, தூளாக வந்து படிந்திருக்கின்றன. தூரம் அதிகம், அல்லது வெயில் அதிகம். 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் டப்பாவைப் பிடித்து, உருவத்துக்கு வெளியே தொடங்கி, அதைக் கடந்து போய் நிறுத்துங்கள். டப்பாவை இரண்டு நிமிடம் முழுதாகக் குலுக்குங்கள். முதல் அடியை வெட்டிப்போட்ட பிளாஸ்டிக் சட்டத்தில் அடித்துப் பாருங்கள். சட்டம் கெட்டால் நஷ்டமில்லை.

சென்னை போன்ற கடலோர ஊரில் நேரமும் முக்கியம். விடியற்காலைதான் குளிர்ச்சியாக இருக்கும், அப்போது அடிக்கலாம் என்று தோன்றும். ஆனால் ஒரு நாளின் ஈரப்பதம் மிக அதிகமாக இருப்பது அந்த நேரத்தில்தான். உச்சிவெயிலில் துளி காற்றிலேயே காய்ந்துவிடும். பிற்பகலில் கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவந்துவிடும். வெயில் ஏறி ஈரம் விலகியும் சூடு முற்றாமலும் இருக்கும் காலை 9 மணி முதல் 11 மணி வரை என் கணக்கில் நல்ல நேரம். மழைக்காலத்தில் ஸ்பிரேயைத் தொடவே மாட்டேன். தூரிகையால் பூசும் பிரைமர் அதற்குத்தான் இருக்கிறது.

சொரசொரப்பு லேசாக இருந்தால், நன்றாகக் காய்ந்த பிறகு பழைய பல்துலக்கியால் உலர்வாகவே தேயுங்கள். பெரும்பகுதி உதிர்ந்துவிடும். கடுமையாக இருந்தால் கடைசித் தலைப்புக்குப் போங்கள். சொரசொரப்பின்மேல் வண்ணம் தீட்டி மறைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு அடுக்கும் அதை இன்னும் எடுத்துக்காட்டும்.

வண்ணம் உரிந்து வருகிறது

எங்கே உரிகிறது என்று பாருங்கள். ஈட்டி முனை, வாள் விளிம்பு, மூக்கு ஆகிய இடங்களில் மட்டும் என்றால் அது கைபட்ட தேய்மானம். விளையாடும் உருவத்துக்கு வார்னிஷ் பூசியே ஆக வேண்டும். அதுவும் உலோக உருவம் என்றால் இரண்டு பூச்சு. அகலமான இடங்களில், வெறும் பொருள் தெரியுமளவு தோலாக உரிந்தால் அடியில் எண்ணெய்ப்பசை இருக்கிறது. அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகத் தடவும் பொருள் ரெசின், உலோக உருவங்களில் தங்கியிருக்கும். வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம் விட்டு, பல்துலக்கியால் மடிப்புகளுக்குள்ளும் தேய்த்து, ஓர் இரவு உலரவிட்ட பிறகே பிரைமர். விரலில் இருக்கும் எண்ணெய்ப்பசையும் இதையே செய்யும். உருவத்தை மருந்து பாட்டில் மூடிமேல் ஒட்டவைத்து, மூடியைப் பிடித்து வேலை செய்யுங்கள்.

பிவிசி உருவத்தில் ஸ்பிரே பிரைமர் நாள்கணக்காகக் காயாமல் பிசுபிசுக்கிறதா? சில ஸ்பிரேக்களின் கரைப்பான் அந்தப் பொருளோடு ஒத்துப்போவதில்லை. தூரிகைப் பிரைமருக்கு மாறுங்கள். முப்பரிமாண அச்சில் எடுத்த ரெசின் உருவம் பிசுபிசுத்தால் அது வேறு கதை: ஐசோபிரைல் ஆல்கஹாலில் சரியாக அலசவில்லை, அல்லது புறஊதா ஒளியில் முழுதாக இறுகவில்லை. இறுகாத ரெசின் தோலுக்கு ஒவ்வாமை தரும். கையுறை போட்டு மறுபடி அலசி, உலர்த்தி, ஒளியில் வையுங்கள்.

முகம் கூழுக்குள் மறைந்துவிட்டது

வண்ணத்தைப் பாட்டிலிலிருந்து எடுத்து அப்படியே பூசியிருக்கிறீர்கள். இந்த அக்ரிலிக் வண்ணங்கள் தண்ணீரில் மிதக்கும் நிறமியும் பிசினும்தான். தண்ணீர் போனதும் பிசின் இறுகிவிடும். பாலின் பதத்துக்கு நீர்க்கவைத்து, இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாகப் போடுங்கள். பதம் பார்க்கக் கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். தூரிகைத் தடம் நின்றால் தண்ணீர் போதாது. கோடு நகத்தின் ஓரத்துக்கு ஓடிப்போனால் தண்ணீர் அதிகம். நகம் மங்கலாகத் தெரிய, கோடு இருந்த இடத்திலேயே நின்றால் சரி.

சரியாகக் கலந்தும் ஐந்து நிமிடத்தில் தடித்துப்போகிறது என்றால் தலைக்குமேல் பாருங்கள். மின்விசிறி! நம் வீடுகளில் அதை நிறுத்திவிட்டு உட்கார முடியாது என்பது உண்மை. அதனால் ஈரத் தட்டு வேண்டும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, அடியில் நனைத்த ஸ்பாஞ்ச், அதன்மேல் பேக்கிங் தாள். வண்ணம் அந்தத் தாளின்மேல். தாள் வழியாக ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து வண்ணத்தை மணிக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கும். கடையில் பட்டர் பேப்பர் என்று கேட்டால் சில சமயம் மெழுகு பூசியதைத் தருவார்கள். அதில் ஈரம் ஏறாது. தாளை ஸ்பாஞ்ச்மேல் வைத்து ஐந்து நிமிடம் பொறுங்கள்: தாள் கருத்து நெளிந்தால் வேலைக்கு ஆகும், அப்படியே வெளுப்பாக இருந்தால் ஆகாது. டப்பாவில் தண்ணீரை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் நாறும்.

ஏற்கெனவே மறைந்துபோன முகத்தைக் காப்பாற்ற வழியில்லை. அடியோடு கழற்றத்தான் வேண்டும்.

வாஷ் காய்ந்ததும் விளிம்பில் கறை வளையம்

வாஷ் என்பது பள்ளங்களில் ஓடி நிழல் காட்டும் நீர்த்த வண்ணம். இந்தக் கறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். ஒரு மந்திரவாதியின் மேலங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். தோளிலிருந்து குதிகால்வரை இறங்கும் அகலமான துணி, நடுவே நாலைந்து மடிப்பு. மடிப்புகளில் நிழல் விழட்டும் என்று அடர்நீல வாஷைத் தாராளமாக விடுகிறீர்கள். ஈரமாக இருக்கும்போது அருமையாக இருக்கிறது. அரைமணி கழித்துப் பார்த்தால் மடிப்பு வெளிறிப்போய், மடிப்புக்கு வெளியே மேடான துணியில் அடர்ந்த நீலக்கோடு ஒன்று நாட்டின் எல்லைக்கோடுபோல் வளைந்து ஓடுகிறது.

மேசையில் சிந்திய காபி காயும்போதும் இதேதான் நடக்கிறது; நடுவில் வெளுப்பும் ஓரத்தில் கருவளையமும். 1997-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு விளக்கம் தந்தார்கள். துளியின் விளிம்பு நகராமல் ஒட்டிக்கொள்கிறது. அங்கே ஈரம் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரத்துக்கு ஓடும்போது துகள்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. வாஷில் இருக்கும் நிறமியும் அப்படித்தான் ஓரம் சேர்கிறது. மின்விசிறிக் காற்று இதை விரைவாக்கும்.

ஆகவே கையாளும் முறை இது. வாஷை அங்கி முழுக்க விடாமல், தூரிகை நுனியால் மடிப்புக்குள் மட்டும் இழுங்கள். உடனே இன்னொரு தூரிகையை நனைத்து, துணியில் ஒற்றி, அந்த வெறும் ஈரத்தால் விளிம்பைத் தடவுங்கள். விளிம்பு கூர்மையாக நிற்காமல் கரைந்துவிடும். தேங்கிய இடத்தில் அதே ஒற்றிய தூரிகையை வைத்தால் உறிஞ்சிக்கொள்ளும். இதைச் செய்ய உங்களுக்கு ஒரு நிமிடம் போல்தான் இருக்கிறது. பாதி காய்ந்த வாஷைத் தொட்டால் தோலாகப் பிய்ந்து வரும், பிறகு கறையோடு காயமும் சேரும். அந்தக் கட்டம் தாண்டிவிட்டால் கையை எடுத்துவிடுங்கள். முழுதும் காயட்டும். நீர்க்க வேண்டுமானால் தண்ணீருக்குப் பதிலாக அக்ரிலிக் மீடியத்தை (நிறமி இல்லாத பிசின் திரவம்) கலந்தால் வளையம் வெகுவாகக் குறையும்.

கறை விழுந்துவிட்டால், அங்கியின் மூல நிறத்தைப் பால்போல் கரைத்து, மேடான பகுதிகளில் மட்டும் இரண்டு மெல்லிய பூச்சு. கறை மறையும், மடிப்பின் நிழல் நிற்கும். 2019-இல் சிட்டடெல் என்ற வண்ண முத்திரையில் வந்த கான்ட்ராஸ்ட் போன்ற ஒரே பூச்சு வண்ணங்களுக்கும் இதே மருந்துதான். அவை மேட்டில் மெலிந்து பள்ளத்தில் தேங்கும்படி செய்யப்பட்டவை. ரோமம், செதில், எலும்பு ஆகியவற்றில் அற்புதமாக வரும். தட்டையான கவசத்திலும் அகன்ற துணியிலும் திட்டுத் திட்டாக நிற்கும். அந்த இடங்களுக்குச் சாதாரண வண்ணமே மேல்.

மஞ்சளும் சிவப்பும் அடியை மறைக்கவில்லை

வெள்ளைக்கு டைட்டானியம் டைஆக்சைடு என்ற, நன்றாக மறைக்கும் நிறமி இருக்கிறது. பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு நிறமிகள் பலவும் இயல்பிலேயே ஒளி ஊடுருவக்கூடியவை. கறுப்புப் பிரைமர்மேல் மஞ்சளைப் பூசினால் பாசிப்பச்சையாகத் தெரியும். ஐந்து பூச்சு போட்டாலும் கூழாகுமே தவிர மஞ்சளாகாது. மஞ்சளுக்கு அடியில் காவியோ இளஞ்சிவப்போ, சிவப்புக்கு அடியில் செம்பழுப்போ போடுங்கள். பிறகு இரண்டு பூச்சே போதும்.

மேடுகளில் ஒளிபோல் தீட்டிய இடம் சுண்ணாம்பு பூத்ததுபோல் இருக்கிறது என்பதும் இதன் மறுபக்கம். வெளிச்சம் காட்டுவதற்காக எல்லா நிறத்திலும் வெள்ளையைக் கலந்திருக்கிறீர்கள். சிவப்பில் வெள்ளை கலந்தால் ரோஜா நிறம்தான் வரும். சிவப்பை ஆரஞ்சாலும், பச்சையை மஞ்சளாலும், பழுப்பை யானைத்தந்த நிறத்தாலும் ஏற்றுங்கள். ஏற்கெனவே பூத்திருந்தால் மூல நிறத்தை நன்றாக நீர்க்கவைத்து, தூரிகையை ஒற்றிவிட்டு, கண்ணாடித்தாள்போல் மேலே ஒரு பூச்சு.

வார்னிஷ் அடித்ததும் எல்லாம் வெளிறிவிட்டது

சென்னையில் ஓர் ஐப்பசி மாலை. இரண்டு நாள் பெய்த மழை விட்டிருந்தது. மூன்று மாதமாகத் தீட்டிய இருபது எலும்புக்கூட்டு வீரர்களை மொட்டைமாடியில் அட்டைமேல் வரிசையாக நிறுத்தி மேட் வார்னிஷை அடித்தேன். தரை உலர்ந்திருந்தது, வானமும் தெளிந்திருந்தது. போதும் என்று நினைத்தேன். காலையில் பார்த்தபோது கறுப்புத் துணிகள் சாம்பல் நிறம். வெண்கலக் கேடயங்கள்மேல் மூச்சுவிட்ட கண்ணாடிபோல் ஒரு படலம். எலும்பின் பழுப்பு நிழல்கள் இருந்த சுவடே இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது நினைவிருக்கிறது.

அந்தப் படலம் பெரும்பாலும் நிறமல்ல. உலரும்போது ஈரம் சிக்கியதால் வார்னிஷின் மேற்பரப்பு நுண்ணிய கரடுமுரடாகி ஒளியைச் சிதறடிக்கிறது. மேட் வார்னிஷில் பளபளப்பைக் குறைக்கக் கலந்திருக்கும் சிலிக்கா துகள் ஓரிடத்தில் அதிகமாகத் தங்கினாலும் இதே தோற்றம் வரும். இரண்டுக்கும் ஒரே சோதனை: விரலைத் தண்ணீரில் நனைத்து வெளிறிய இடத்தைத் தொடுங்கள். ஈரம் இருக்கும்வரை நிறம் திரும்பி வந்தால் உருவம் பிழைத்தது.

நிறம் திரும்பினால், காய்ந்த பின் தூரிகையால் பளபளப்பு வார்னிஷை மெல்லியதாக ஒரு பூச்சு பூசுங்கள். அது கரடுமுரடை நிரப்பிவிடும். முதலில் ஒரு கேடயத்தில் மட்டும் செய்து பார்த்தேன். தூரிகை போன வழியெல்லாம் வெண்கலம் மறுபடி எழுந்து வந்தது. இருபதையும் அப்படிச் செய்து, ஒரு நாள் உலரவிட்டு, பாட்டிலில் வரும் மேட் வார்னிஷைத் தூரிகையாலேயே பூசினேன். இரண்டு உருவங்களின் அங்கி மடிப்பில் மட்டும் வெண்மை தங்கிவிட்டது. அங்கே கறுப்பை மறுபடி தீட்டினேன். அன்றிலிருந்து 150 ரூபாய் பக்கம் விலையுள்ள சிறிய ஈரப்பதமானி ஒன்று மேசையில் இருக்கிறது. 60 சதவீதத்தைத் தாண்டினால் ஸ்பிரே வார்னிஷ் கிடையாது என்பது நானாக வைத்துக்கொண்ட விதி.

மேட் வார்னிஷ் பூசியும் பளபளக்கிறது என்றால் சிலிக்கா பாட்டில் அடியிலேயே தங்கிவிட்டது. குலுக்குங்கள், நிறையக் குலுக்குங்கள்.

கை கழன்று விழுகிறது. பசையைச் சுற்றி வெள்ளை படர்கிறது

பிளாஸ்டிக் பசை பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்குகிறது. ரெசினிலும் உலோகத்திலும் அதற்கு வேலையில்லை. அங்கே உடனடிப் பசைதான். அது காற்றின் ஈரத்தால் இறுகும் பொருள். அதிகமாக விட்டால் அதன் ஆவி பக்கத்தில் வெண்பொடியாகப் படியும், ஈரமான நாளில் இன்னும் மோசம். ஊசிமுனை அளவு விடுங்கள், டப்பாவுக்குள் மூடிவைக்காமல் காற்றாட விடுங்கள், முடிந்தவரை வண்ணத்துக்கு முன்பே ஒட்டுங்கள். கனமான உலோகக் கை எந்தப் பசைக்கும் நிற்காது. 1 மில்லிமீட்டர் கைத்துளைப்பானால் இரு பக்கமும் துளையிட்டு, பேப்பர் கிளிப் கம்பியை நறுக்கிச் செருகி ஒட்டினால் மேசையிலிருந்து விழுந்தாலும் கழலாது.

தூரிகையின் நுனி பிரிந்துவிட்டது

உலோக வளையத்துக்குள் வண்ணம் ஏறிக் காய்ந்திருக்கிறது. முடியின் பாதிக்குமேல் வண்ணம் தொடவே கூடாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்து, சோப்பில் சுழற்றி, நுரையில் நிறம் வராமல் போகும்வரை அலசி, நுனியை விரலால் கூராக்கிப் படுக்கவைத்து உலர்த்துங்கள். செயற்கை முடி நுனி கொக்கிபோல் வளைவது அதன் இயல்பு. அதை டிரை பிரஷ் வேலைக்கு, அதாவது வண்ணத்தைத் துடைத்தெடுத்த உலர் தூரிகையால் மேடுகளை மட்டும் தேய்க்கும் வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள். கொலின்ஸ்கி என்ற ஒருவகை வீசல் விலங்கின் முடியால் ஆன தூரிகை ஒன்றை நன்றாகப் பராமரித்தால் ஆண்டுக்கணக்கில் வரும். விக்டோரியா மகாராணிக்காக 1866-இல் செய்யத் தொடங்கிய வின்சர் அண்ட் நியூட்டன் சீரிஸ் 7 இன்றும் இந்தத் துறையில் பலர் நாடும் தூரிகை. மெட்டாலிக் வண்ணத்துக்கும் பிரைமருக்கும் அதைத் தொடாதீர்கள்.

பழைய உலோக உருவத்தில் வெண்பொடி

சேகரிப்பாளர்களுக்கான தலைப்பு இது. வார்ஹாமர் முதன்முதலில் வெளிவந்த 1983-ஐ ஒட்டிய காலத்து உலோக உருவங்களில் ஈயம் கலந்திருக்கும். 1990-களில்தான் நிறுவனங்கள் ஈயமில்லாக் கலவைக்கு மாறின. வாங்கிய பழைய உருவத்தில் வெண்பொடி இருந்தால், ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு ஒரு மாதம் பாருங்கள். திரும்ப வராவிட்டால் அது அச்சில் தூவிய டால்க். திரும்ப வந்து, அடியில் உலோகம் குழி விழுந்திருந்தால் ஈயம் அரிக்கிறது. மர அலமாரி, பிளைவுட் ஆகியவற்றிலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி மூடிய இடத்தில் தேங்கி, ஈயத்தை ஈயக் கார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. அந்தப் பொடி நஞ்சு. உலர்வாகத் தேய்க்காதீர்கள், கையுறை போட்டு, ஈரமாகவே கழுவி, குழந்தைகள் கைபடாத இடத்தில், காற்றோட்டமுள்ள கண்ணாடி அல்லது உலோக அலமாரிக்கு மாற்றுங்கள். அரித்துப்போன நுணுக்கம் திரும்பாது. அரிப்பு மட்டும் நிற்கும்.

எல்லாம் கைமீறிவிட்டது, வண்ணத்தையே கழற்ற வேண்டும்

அசிட்டோனும் பெயின்ட் தின்னரும் பிளாஸ்டிக்கைக் கூழாக்கிவிடும். நகப்பூச்சு நீக்கியும் அப்படியே. உலோகத்துக்கு மட்டும்தான் அவை. பிளாஸ்டிக்குக்கும் உலோகத்துக்கும் பிரிட்டனில் பல காலமாகப் பயன்படுவது நம் குளியலறையிலேயே இருக்கிறது: டெட்டால். மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் உருவத்தை வைத்து, தண்ணீர் கலக்காத டெட்டாலை மூழ்கும்வரை ஊற்றி, ஒரு நாள் விடுங்கள். வண்ணம் தோலாகச் சுருண்டு எழும்.

எடுத்தவுடன் குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் பட்டதும் கழன்ற வண்ணம் தார்போல் பிசுபிசுத்து மடிப்புகளில் அப்பிக்கொள்ளும். கையுறையோடு, டெட்டாலைத் தொட்டுத் தொட்டே பல்துலக்கியால் முழுதும் தேய்த்துவிட்டு, கடைசியில்தான் சோப்பும் தண்ணீரும். சன்னலைத் திறந்து வையுங்கள், கண்ணில் தெறிக்காமல் பாருங்கள். ஐசோபிரைல் ஆல்கஹாலும் நன்றாக வேலை செய்யும். தீப்பற்றக்கூடியது என்பதால் அடுப்பருகே வேண்டாம். ரெசினை எதிலும் ஊறப்போடும் முன் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டு, மென்மையாகிறதா என்று ஒரு மணி நேரம் கழித்து நகத்தால் அழுத்திப் பாருங்கள்.

மூட்டுகளில் ஒட்டிய பசை விட்டுப்போயிருந்தால் இப்போதே மறுபடி ஒட்டிவிடுங்கள். குழிகளில் பழைய வண்ணம் கொஞ்சம் தங்கியிருந்தால் விட்டுவிடுங்கள், பிரைமர் அதை மூடிவிடும். ஒரு நாள் முழுதாக உலரட்டும். மடிப்புக்குள் இருக்கும் ஈரம் வெளியிலிருந்து தெரியாது.